பெயின்ட் வாசனை போய்விட்டது, கண் எரிச்சல் மட்டும் ஏன் போகவில்லை?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் நான்காவது மாடியில் புது ஃபிளாட். இன்டீரியர் வேலை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. பெயின்ட் வாசனை போய்விட்டது. ஆனால் படுக்கையறைக்குள் போனால் கண் எரிகிறது, நான்கு வயதுப் பையன் இரவில் இருமுகிறான். ஏர் பியூரிஃபையர் வாங்கியாகிவிட்டது, ஸ்நேக் பிளான்ட்டும் மணி பிளான்ட்டும் வைத்தாகிவிட்டது. காரணம் பெயின்ட்டா, பலகையா, கிச்சன் கிரானைட்டா? புற்றுநோய் வருமா? நாலைந்து கேள்விகள் போல இருந்தாலும், உண்மையில் அவர் கேட்பது இரண்டுதான். எரிச்சல் எங்கிருந்து வருகிறது? அதுவரை பையனை எங்கே படுக்க வைப்பது?

இரண்டாவதற்குப் பதில் சுலபம். வார்ட்ரோப் இல்லாத அறையிலோ, ஜன்னல் நன்றாகத் திறக்கும் ஹாலிலோ படுக்க வையுங்கள். சில வாரங்களுக்குத்தான். என் வேலை அறைக் காற்றை அளப்பது, மருத்துவம் அல்ல. இருமலோடு மூச்சு விடும்போது விசில் சத்தமோ, விலா உள்வாங்குவதோ இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். இருமலுக்குக் காரணம் பலகைதான் என்று எழுத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. கண் எரிச்சலைப் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

புது வீட்டில் இரண்டு வகை ஆவிகள் வருகின்றன, இரண்டும் போகும் வேகம் வேறு. முதல் வகை கரைப்பான்கள்: எனாமல் பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைன், மெலமைன் பாலிஷ், பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷில் கலக்கும் தின்னர், லேமினேட் ஒட்டும் ரப்பர் பசையில் உள்ள டொலுயீன். இவற்றுக்கு வாசனை கடுமை, தலைவலி வரும். ஆனால் காயக் காயப் போய்விடும். சுவருக்கு அடிக்கும் தண்ணீர் எமல்ஷன் சில நாட்களில் அடங்கும், பாலிஷ் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். இரண்டாவது வகை ஃபார்மால்டிஹைடு. பலகையை உருவாக்கப் பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினிலிருந்து வருவது. அந்தப் பிசின் காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடை விட்டுக்கொண்டே இருக்கும். முதல் சில மாதங்களில் அளவு நன்றாகக் குறையும், அதன்பின் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். நம் மூக்கு இதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது, கண் பழகுவதில்லை. ஆறு வாரம் கழித்து வாசனை இல்லாமல் கண் மட்டும் எரிகிறது என்றால் என் முதல் சந்தேகம் பலகை மீதுதான், பெயின்ட் மீது அல்ல.

வீட்டிலேயே ஒரு எளிய சோதனை செய்யலாம். இரவு வார்ட்ரோப் கதவுகளை முழுக்க மூடி வையுங்கள், காலையில் ஒரு கதவைத் திறந்து முகத்தை அருகில் கொண்டுபோங்கள், ஆழமாக மூச்சிழுக்க வேண்டாம். கண்ணும் மூக்கின் உட்புறமும் சுருக்கென்று எரிந்தால் ஃபார்மால்டிஹைடு. இனிப்பும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்தால் பசை அல்லது பாலிஷ். ஒன்றும் இல்லை என்றால் கட்டில் பெட்டி, சோபா, திரை, மெத்தை என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். இது ஆய்வகச் சோதனை அல்ல, ஆனால் எங்கே முதலில் கை வைப்பது என்று சொல்லிவிடும்.

எந்தப் பலகை என்பது முக்கியம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப், மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு இரண்டிலும் பெரும்பாலும் யூரியா பிசின்தான். ஓரளவு ஈரம் தாங்கும் எம்.ஆர். கிரேடு பிளைவுட்டிலும் அதே. மாடுலர் கிச்சன்காரர்கள் இப்போது அதிகம் போடும் எச்.டி.எச்.எம்.ஆர். என்ற அடர்த்தியான நார்ப்பலகை ஈரம் தாங்கும் என்பது சரி, ஆனால் ஈரம் தாங்குவதாலேயே ஃபார்மால்டிஹைடு குறைவு என்று ஆகிவிடாது. பாய்லிங் வாட்டர் ப்ரூஃப் என்று விற்கும் பி.டபிள்யூ.பி. பிளைவுட்டில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின் இருக்க வேண்டும். பெயரில் ஃபார்மால்டிஹைடு இருந்தாலும் அது உறுதியாகக் கட்டுண்டது, வெளியே விடும் அளவு மிகக் குறைவு. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும்: ஃபீனால் பிசின் கோடுகள் கரும்பழுப்பாக இருக்கும், யூரியா பிசின் கோடு வெளிறியிருக்கும் அல்லது கண்ணுக்கே தெரியாது. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், யூரியா பிசினில் சாயம் கலந்தும் பலகை வருகிறது.

ஃபார்மால்டிஹைடு குறைவு என்பதற்கு ஈ-1 சான்று இருக்கிறதே என்பார் கான்ட்ராக்டர். அந்தச் சான்று எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்று புரியும். ஐரோப்பியச் சோதனை அறையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு சதுர மீட்டர் பலகை, 23 டிகிரி வெப்பம், 45 சதவீத ஈரப்பதம், மணிக்கு ஒரு முறை காற்று முழுதும் மாறும். அந்த நிலையில் கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஈ-1. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வீட்டுக்குள் வைத்த வரம்பு 0.1 மில்லிகிராம், அரை மணி நேரச் சராசரி. ஆக, சான்று பெற்ற பலகையே அந்த வரம்பை ஒட்டித்தான் நிற்கிறது. இப்போது உங்கள் அறைக்கு வாருங்கள். 10-க்கு 11 அடி அறை, ஒன்பதரை அடி உயரம் என்றால் சுமார் 30 கன மீட்டர். ஏழடி அகலம், எட்டடி உயரம், இரண்டடி ஆழத்தில் ஒரு வார்ட்ரோப்: கதவு, பக்கம், தடுப்பு, தட்டு எல்லாவற்றின் இரு முகங்களையும் கூட்டினால் 30 சதுர மீட்டரைத் தாண்டும். கட்டில் பெட்டியும் லாஃப்ட்டும் தனி. ஏப்ரல் மதியம் மேற்குச் சுவரை ஒட்டிய அறை 30 டிகிரி தாண்டும். 23 டிகிரி 30 ஆனாலே வெளிவரும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் தொடும், அதுவும் ஏற்றும். ஜன்னல் மூடிய அறையில் காற்று மணிக்கு ஒரு முறை மாறாது, அதில் பாதிகூடத் தேறாது. லேமினேட் ஒட்டிய முகத்திலிருந்து மிகக் குறைவாகத்தான் வரும் என்பதால்தான் பெரும்பாலான வீடுகள் தப்பிக்கின்றன. தப்பிக்காத வீடுகளில் தேட வேண்டியது லேமினேட் இல்லாத இடங்களை.

டார்ச் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். வார்ட்ரோப்பின் பின்பலகை, டிராயரின் அடிப்பலகை, தட்டுகளின் பின்விளிம்பு, கதவின் மேல் விளிம்பு (கண்ணுக்கு எட்டாது என்று எட்ஜ் பேண்டிங்கை, அதாவது விளிம்பில் ஒட்டும் பட்டையை, விட்டுவிடுவார்கள், கையால் தடவினால் சொரசொரக்கும்), கட்டில் பெட்டியின் உட்புறம், சிங்க் அடியில் குழாய்க்காக வெட்டிய ஓட்டை, தட்டை ஏற்றி இறக்க வரிசையாகப் போட்ட 5 மில்லிமீட்டர் துளைகள். 18 மில்லிமீட்டர் பலகையின் வெட்டு ஓரம், அதே பரப்புள்ள முகத்தை விடப் பல மடங்கு விடும். நடுவில் நார் தளர்வாக இருப்பதால் பிசினும் காற்றும் அங்கேதான் அதிகம் உரசும்.

இவற்றை அடைப்பதுதான் செலவுக்கு ஏற்ற பலன் தரும் வேலை. நேர் விளிம்புகளுக்கு எட்ஜ் பேண்ட். பின்பலகை, அடிப்பலகை போன்ற பரப்புகளுக்குத் தண்ணீரில் கலக்கும் பி.யு. அல்லது அக்ரிலிக் சீலர் இரண்டு கோட். 220 நம்பர் எமரி தாளால் லேசாகத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு முதல் கோட். டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு இரண்டாவது. எம்.டி.எஃப் விளிம்பு முதல் கோட்டை அப்படியே குடித்துவிடும், அங்கே மூன்றாவது கோட் தேவைப்படும். துளைகளுக்கு பிளாஸ்டிக் மூடி கிடைக்கிறது. இதை எனாமலிலோ தின்னர் பாலிஷிலோ செய்யச் சொன்னால் கார்ப்பென்டர் சந்தோஷமாகச் செய்வார், நீங்கள் மறுபடி மூன்று வாரம் வாசனையில் இருப்பீர்கள். சீலர் அடித்த பிறகு டிராயரை இழுத்து, கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு ஒரு வாரமாவது விடுங்கள். துணிகளை அதுவரை வெளியே வையுங்கள், துணி ஃபார்மால்டிஹைடை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். புதிதாக வாங்கிய சுருக்கம் விழாத சட்டை, பெட்ஷீட்டிலும் அதே வகைப் பிசின் பூச்சு இருக்கலாம் என்பதால் உடுத்துவதற்கு முன் ஒரு முறை துவைப்பது நல்லது.

அடுத்தது காற்றோட்டம். இதில் பெங்களூர்வாசிகளுக்கு டெல்லிக்காரர்களுக்கு இல்லாத வசதி: வருடத்தில் பெரும்பகுதி ஜன்னலைத் திறக்கும்படியான வானிலை. ஆனால் கொசுவுக்குப் பயந்து வலை அடித்து, அந்த வலையை ஒரு வருடம் துடைக்காமல் விட்டால், கண்ணிகளில் தூசி அடைத்து காற்று பாதிகூட வராது. வலையைக் கழற்றி ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், வித்தியாசம் அன்றே தெரியும். ஒரு ஜன்னல் மட்டும் திறந்தால் காற்று ஓடாது, எதிர்ப்பக்கம் ஒரு வழி வேண்டும். அறையோடு இணைந்த பாத்ரூமில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதுவே வழி. அது மணிக்கு சுமார் 250 கன மீட்டர் இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், பாதி கிடைத்தாலும் 30 கன மீட்டர் அறைக்கு மணிக்கு நான்கு முறை காற்று மாறும். பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து, படுக்கையறை ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து ஓடவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். எக்ஸாஸ்ட் இழுக்கும்போது கீசரின் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பலாம், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கேஸ் கீசரை வெளிப்பக்கம் பால்கனிக்கு மாற்றுவதுதான் சரி. பலகை விஷயத்தை விட அவசரமான விஷயம் அது.

ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிவிடும். வெப்பத்தைக் குறைப்பதால் பலகையிலிருந்து வருவது கொஞ்சம் குறையும், ஆனால் வந்தது வெளியேறாது. வெளியே தூசி, குப்பை எரிப்பு இருக்கும் விடியற்காலையிலும் இரவு போக்குவரத்து நேரத்திலும் மூடி, முன்பகல் 11 மணி முதல் மாலை 4 வரை நன்றாகத் திறந்து வைப்பது நல்ல நடைமுறை. வெயில் ஏறினால் தரையை ஒட்டிய புகைமூட்டம் மேலெழுந்து கலைந்துவிடும்.

பியூரிஃபையரைப் பற்றி: ஹெப்பா ஃபில்டர் தூசி, புகை, மகரந்தம் பிடிக்கும், ஃபார்மால்டிஹைடு அதற்கு வாயு, ஊடே போய்விடும். கூடவே வரும் மெல்லிய கருப்புக் கார்பன் விரிப்பும் இதற்குப் போதாது. மூலக்கூறு சிறிது, சாதாரணக் கார்பனில் சரியாக ஒட்டாது. ரசாயனம் ஊறவைத்த கார்பன் கிலோக்கணக்கில் இருந்தால்தான் பயன். வாங்கியதை வீசிவிட வேண்டாம், சாலையோர வீட்டில் தூசிக்கு அது உதவும். ஓசோன் வெளியிடும் இயந்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓசோன் எலுமிச்சை வாசனைக் கிளீனரோடு சேர்ந்தால் புதிதாக ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். செடிகளின் புகழ் 1989-இல் நாசாவுக்காக நடந்த ஆய்விலிருந்து வந்தது. அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் வெளியான ஒரு மீளாய்வு அத்தகைய ஆய்வுகளின் எண்களை வீட்டு அளவுக்குக் கணக்கிட்டது: சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவை. அழகுக்கு வையுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான மீட்டர் ஹேண்ட் சானிடைசர், பெர்ஃப்யூம், சமையல் ஆவி எதற்கும் ஃபார்மால்டிஹைடு என்று எண் காட்டும். ஒரே இடத்தில் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படும்.

பையனின் இருமலுக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிடாத ஒன்றை நான் கேட்பேன்: இரவில் கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களா? 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சீன, மலேசியச் சந்தையின் சுருள்களை எரித்துப் பார்த்தது. ஒரு சுருள் விடும் பி.எம். 2.5 நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம், ஃபார்மால்டிஹைடும் 51 சிகரெட் வரை சமம். நம் ஊர்ச் சுருள்கள் அதே எண்ணைத் தரும் என்று சொல்ல முடியாது, ஆனால் எரியும் முறை ஒன்றுதான். மூடிய அறையில் எட்டு மணி நேரம் அது எரிந்தால் பலகையைக் குறை சொல்லிப் பயனில்லை. வலையும் கட்டில் கொசுவலையும்தான் நல்ல தீர்வு. ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எதையும் நிரந்தரமாக நிறுத்தச் சொல்லவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டு, பையன் அறைக்கு வெளியே ஏற்றுங்கள், கப் சாம்பிராணியானால் பாதியில் அணைத்துவிடுங்கள். வார்ட்ரோப்பில் அந்துருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் நாப்தலீன், ஜி6பி.டி. குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு) உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதில் வைத்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் போடவே கூடாது.

புற்றுநோய்க் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இல் ஃபார்மால்டிஹைடை முதல் குழுவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றில் சேர்த்தது. ஆதாரம் பெரும்பாலும் தொழிற்சாலைகளிலும் பிணம் பதப்படுத்தும் இடங்களிலும் பல வருடம் அதிக அளவைச் சுவாசித்தவர்களிடமிருந்து வந்தது. அந்தக் குழுப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்று சொல்கிறது, எவ்வளவு சுவாசித்தால் ஆபத்து என்று அல்ல. 0.1 மில்லிகிராம் வரம்பு புற்றுநோயையும் கணக்கில் கொண்டே வைக்கப்பட்டது, அதற்குக் கீழே இருந்தால் சில மாதம் இந்த அறையில் இருந்ததற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. குழந்தைகளின் ஆஸ்துமாவோடு உள்ள தொடர்பு இன்னும் தீராத விவாதம்: பல ஆய்வுகள் தொடர்பு காட்டுகின்றன, ஆனால் அதே வீடுகளில் பூஞ்சையும் புகையும் தூசியும் சேர்ந்தே இருப்பதால் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கண், மூக்கு, தொண்டை எரிச்சலில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

செய்ய வேண்டிய வரிசை: முதல் இரண்டு வாரம் கொசுவர்த்தி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் நிறுத்தி, காற்றோட்டத்தை மேலே சொன்னபடி வைத்து, இருமலையும் கண் எரிச்சலையும் தினம் ஒரு வரி எழுதி வாருங்கள். நடுவில் ஊருக்குப் போய் மூன்று நான்கு நாள் தங்கினால் அங்கே எப்படி என்பதையும் எழுதுங்கள். ஊரில் சரியாகி, திரும்பியதும் வந்தால் காரணம் வீடு என்று தெரியும். வீட்டில் எது என்று தெரியாது, அதற்குத்தான் அடைப்பு வேலை. அதன்பிறகும் எரிந்தால், அல்லது கான்ட்ராக்டரிடம் பணம் திரும்பக் கேட்கும் எண்ணம் இருந்தால் ஆய்வகத்தைக் கூப்பிடுங்கள். டி.என்.பி.எச். குழாய் (ஃபார்மால்டிஹைடைப் பிடித்து வைக்கும் ரசாயனம் உள்ள குழாய்) வழியாகக் காற்றை இழுத்து, எச்.பி.எல்.சி. என்ற ஆய்வகக் கருவியில் சோதிக்கிறீர்களா என்று போனிலேயே கேளுங்கள். கையில் ஒரு மீட்டரோடு வருவோம் என்றால் வேண்டாம். முந்தைய இரவே அறையை மூடி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். அவை இல்லாத எண்ணை வைத்து யாரோடும் வாதாட முடியாது.

இனி பலகை வாங்கும்போது ஒரு உள்ளங்கை அளவு துண்டைக் கேட்டு வாங்கி, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு ஒரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, திறந்து பாருங்கள். இரண்டு பிராண்டை அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரியும். ஈ-0 என்று அச்சடித்திருந்தால் எந்தச் சோதனை, எவ்வளவு எண் என்று கேளுங்கள், ஐரோப்பிய விதிகளில் அப்படி ஒரு வகுப்பே கிடையாது. கொட்டேஷனில் பலகையின் கிரேடு, உட்புற லேமினேட், எல்லா விளிம்புக்கும் எட்ஜ் பேண்டிங், பின்பலகை இரு முகமும் மூடல் என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது வேலை நடக்கும்போது மறந்துபோகும்.

கிரானைட் பற்றி ஒரு வார்த்தை. கண் எரிச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதிலிருந்து வரக்கூடிய ரேடான் என்ற கதிரியக்க வாயு எரிச்சல் தராது. கிச்சன் மேடையிலிருந்து வரும் ரேடான், அடிமண்ணிலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் சொற்பம், நான்காம் மாடியில் அந்த மண்ணும் தூரம். பெங்களூர் நிற்பது லால்பாக்கில் வெளியே தெரியும் அதே பழம்பாறை மேல்தான் என்பதால், தரைத்தளத்திலோ பேஸ்மென்டிலோ படுக்கையறை வைத்திருப்பவர்கள் அளந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), முடியாத இடங்களில் 300-ஐத் தாண்டக்கூடாது. ஒரே நாள் அளவு போதாது, மூன்று மாதமாவது அறையில் வைக்கும் டிடெக்டர் வேண்டும், ஏனென்றால் ஜன்னல் மூடும் குளிர்காலத்தில் ஒரு எண்ணும் கோடையில் வேறு எண்ணும் வரும்.